கோயாசான் மலைக்கோயில்: எப்போது போகலாம், எப்படித் தங்கலாம், என்ன பார்க்கலாம்?

ஜப்பான் பயணத் திட்டத்தில் தோக்கியோ, கியோத்தோ, நாரா என்று எழுதி முடித்துவிட்டு, கடைசி வரியில் ஒரு கேள்விக்குறியோடு "கோயாசான்?" என்று குறித்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். போகலாமா, எந்த மாதம் போகலாம், போனால் அங்கே என்னதான் செய்வது என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மலையில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களில் பாதி அந்தப் பக்கம்தான் சாயும்.

கோயாசான் என்பது கோயிலா, மலையா, ஊரா?

மூன்றும்தான். ஒசாகாவுக்குத் தெற்கே, வகாயாமா மாநிலத்தில், கீ மலைகளுக்கு நடுவே சுமார் 800 மீட்டர் உயரத்தில் ஒரு சிறிய சமவெளி இருக்கிறது. சுற்றிலும் எட்டுச் சிகரங்கள். அவை தாமரையின் எட்டு இதழ்கள், நடுவில் உள்ள சமவெளி அதன் பொகுட்டு என்பது மரபு. 816-இல் சாகா பேரரசர் இந்த இடத்தைக் கூக்காய் என்ற துறவிக்குக் கொடுத்தார். ஷிங்கோன் என்னும் ஜப்பானிய மந்திரயான பௌத்தத்தின் தலைமையிடமாக அன்று தொடங்கியது, இன்றும் அப்படியே இருக்கிறது.

மலைமேல் இப்போது 117 கோயில்கள் உள்ளன. அவற்றுக்கெல்லாம் தலைமை கொங்கோபுஜி. கூடவே பள்ளிக்கூடம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம், மளிகைக் கடைகள், 1886-இல் தொடங்கிய கல்விநிலையத்திலிருந்து வளர்ந்த ஒரு பல்கலைக்கழகம் எல்லாம் உண்டு. சில ஆயிரம் பேர் இங்கே குடியிருக்கிறார்கள். ஒரு மதில், ஒரு வாசல், உள்ளே ஒரு சன்னிதி என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதலில் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். மலை முழுவதுமே கோயில் வளாகம் என்பது இவர்கள் கணக்கு. அதனால்தான் தாய்மோன் என்ற பெருவாயில் ஊரின் மேற்கு எல்லையில் தன்னந்தனியாக நிற்கிறது. 25 மீட்டர் உயரம்; இப்போதுள்ளது 1705-இல் எழுப்பப்பட்டது.

2004-இல் கீ மலைத்தொடரின் புனிதத் தலங்களையும் யாத்திரைப் பாதைகளையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது கோயாசானும் அதில் சேர்ந்தது.

கூக்காய் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்கிறார்களே, அது என்ன?

கோயாசானைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் வாசல். கூக்காய் 774-இல் ஷிக்கொக்கு தீவில் பிறந்தவர். 804-இல் அரசுத் தூதுக்குழுவோடு கப்பலேறி சீனாவுக்குப் போனார். தாங் பேரரசின் தலைநகரான சாங்ஆனில் ஹுய்குவோ என்ற குருவிடம் தீட்சை பெற்று, 806-இல் நூல்களும் மண்டல ஓவியங்களும் (புத்தர்களின் உலகை வரைந்து காட்டுபவை) சடங்குக் கருவிகளுமாகத் திரும்பினார். கவிஞர், கையெழுத்துக் கலைஞர், சமஸ்கிருதம் படித்தவர், சொந்த ஊரில் பெரிய ஏரியின் கரையைச் சீரமைத்தவர். 921-இல் பேரரசர் கொடுத்த பட்டப்பெயரான கோபோ தாய்ஷி என்பதுதான் மக்கள் வாயில் புழங்கும் பெயர்.

835-ஆம் ஆண்டு, மூன்றாம் மாதம், 21-ஆம் நாள் அவர் இறந்தார் என்று கோயாசானில் யாரும் சொல்வதில்லை. தியானத்தில் அமர்ந்தார் என்பார்கள். மைத்ரேய புத்தர் வரும்வரை மலையின் கிழக்கு மூலையில் உள்ள ஒக்குநோயினில் அவர் தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. உயிரோடு இருப்பவருக்குச் சாப்பாடு வேண்டும் அல்லவா? ஒவ்வொரு நாளும் காலை 6 மணிக்கும் 10:30 மணிக்கும் அவருக்கு உணவு போகிறது. வெள்ளை மரப்பெட்டியைத் தண்டில் கோத்து இரண்டு துறவிகள் முன்னும் பின்னுமாகத் தோளில் தாங்குவார்கள். அவர்களுக்கு முன்னால் இந்தப் பணிக்கென்றே பொறுப்பேற்ற மூத்த துறவி நடப்பார். வழியில் ஜிஸோ என்ற போதிசத்துவரின் சின்னச் சன்னிதியில் நிற்பார்கள்; உணவைச் சுவைபார்க்கும் பொறுப்பு அந்த ஜிஸோவுடையது. பிறகு பாலத்தைத் தாண்டி, படியேறி, விளக்கு மண்டபத்துக்குள் போய்விடுவார்கள். ஆண்டுதோறும் புது உடையும் அவருக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் மழையோ பனியோ, பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளுக்கு இருமுறை அந்தப் பெட்டி போகிறது. நான் இந்த மலையை மதிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

தமிழகத்தோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இழுத்துப் பிடித்துச் சொல்ல வேண்டிய தொடர்பும் இல்லை. ஷிங்கோன் மரபு தனக்கு எட்டுக் குருமார்களைச் சொல்கிறது. அந்த வரிசையில் ஐந்தாவது வஜ்ரபோதி, அடுத்து அமோகவஜ்ரர், அடுத்து ஹுய்குவோ, எட்டாவது கூக்காய். இதில் வஜ்ரபோதி (671–741) தென்னிந்தியாவில் மலய நாட்டைச் சேர்ந்தவர் என்று சீனத் துறவியர் வரலாறு சொல்கிறது. நாளந்தாவில் படித்துவிட்டுத் தெற்கே திரும்பியவர். காஞ்சியில் வறட்சி வந்தபோது பல்லவ அரசன் நரசிம்ம போத்தவர்மன் அவரை மழை வேண்டி வழிபடச் சொன்னான் என்றும் குறிப்பு இருக்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன் என்று நாம் அறிந்தவன்தான் அந்த அரசன். அங்கிருந்து இலங்கை வழியாகவும் ஸ்ரீவிஜயம் வழியாகவும் கடல் கடந்து, 720-ஐ ஒட்டி வஜ்ரபோதி சீனத் தலைநகரங்களை அடைந்தார்.

அந்தக் குருவின் மாணவரின் மாணவரிடம் கற்றுக்கொண்டு வந்ததைத்தான் கூக்காய் இந்த மலையில் நட்டார். ஷிங்கோன் கோயில்களில் எட்டுக் குருமார்களின் ஓவியங்களைப் பார்க்கும்போது காஞ்சியில் இருந்து கிளம்பிய அந்த மனிதரைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று: விடியற்காலைப் பூஜையில் சில மடங்களில் தீ வளர்த்து, குச்சிகளையும் தானியங்களையும் எண்ணெயையும் இட்டு மந்திரம் சொல்வார்கள். கோமா என்பது அதன் பெயர். நம் ஹோமம் பௌத்தத்தோடு சேர்ந்து அங்கே போய்ச் சேர்ந்த வடிவம். ஹோமப் புகையில் வளர்ந்தவர்களுக்கு அந்த அறைக்குள் நுழைந்ததும் அந்நியமாக எதுவும் தோன்றாது.

எந்தப் பருவத்தில் போவது நல்லது?

முதல் முறை என்றால் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை. குளிர் தாங்குவீர்கள், அமைதி வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி. இந்த இரண்டில் என்னுடைய ஓட்டு குளிர்காலத்துக்குத்தான். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எந்த மாதமானாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: மலைமேல் ஒசாகாவைவிட ஆறு டிகிரி அளவுக்குக் குறைவாக இருக்கும். கீழே அரைக்கைச் சட்டையோடு ரயிலேறியவர் மேலே நடுங்குவதை மே மாதத்தில்கூடப் பார்க்கலாம்.

வசந்தத்தில் செர்ரிப் பூ இருக்குமா?

இருக்கும், ஆனால் தாமதமாக. ஒசாகாவிலும் கியோத்தோவிலும் ஏப்ரல் முதல் வாரத்தில் பூத்துக் கொட்டிவிடும். கோயாசானில் ஏப்ரல் பிற்பாதியில்தான் பூக்கும். கீழே பூவைத் தவறவிட்டவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. ஆனால் செர்ரிக்காகவே இங்கே வர வேண்டாம் என்பேன். அதற்கு யோஷினோ மலை இருக்கிறது.

இந்த மலையின் வசந்தப் பூ ஷாகுநாகே என்ற ரோடோடெண்ட்ரன். கொங்கோ சன்மாய்இன் என்ற கோயிலில் மிகப் பழைய மரங்கள் உள்ளன. ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். அதே வளாகத்தில் 1223-இல் கட்டிய இரண்டடுக்குத் தூபி இருக்கிறது. ஷோகுன் என்ற படைத்தலைமை ஆட்சியாளராக இருந்த மினமோதோ நோ யோரிதோமோவின் மனைவி ஹோஜோ மசாகோ, இறந்த கணவரின் நினைவாக எழுப்பியது. இடி விழுந்தும் தீப்பிடித்தும் பலமுறை அழிந்த இந்த மலையில் எண்ணூறு ஆண்டு நின்றுவிட்ட மரக்கட்டடம் அது. பெரிய தெருவிலிருந்து சற்றே விலகி இருப்பதால் கூட்டமும் குறைவு. கட்டாயம் போய்ப் பாருங்கள்.

பழைய சந்திரநாட்காட்டியின் மூன்றாம் மாதம் 21-ஆம் நாள், கூக்காய் தியானத்தில் அமர்ந்த நாள். நம் நாட்காட்டியில் ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ வரும். அதற்கு முந்தின இரவு, ஆண்டு முழுவதும் மூடியிருக்கும் மியேதோ என்ற அவருடைய மண்டபத்தின் உள்ளே பொதுமக்களும் போய் வணங்கலாம். மே 3 முதல் 5 வரை கெச்சியென் கஞ்சோ நடக்கும்: கண்ணைக் கட்டி இருட்டறைக்குள் அழைத்துப் போவார்கள், தரையில் விரித்த மண்டலத்தின் மேல் கையிலுள்ள பூவை விட வேண்டும், அது விழும் இடத்தில் உள்ள புத்தரோடு உங்களுக்குப் பந்தம் ஏற்படுகிறது. சாங்ஆனில் கூக்காய் விட்ட பூ இரண்டு முறையும் நடுவில் இருந்த மகா வைரோசனர் என்ற ஷிங்கோனின் தலைமைப் புத்தர் மேல் விழுந்தது என்பார்கள். அக்டோபர் 1 முதல் 3 வரை இன்னொரு மண்டலத்தோடு இது மறுபடி நடக்கும். மே தொடக்கத்தில் ஜப்பான் முழுக்கத் தொடர் விடுமுறை, தங்க இடம் கிடைப்பது கடினம்.

மழைக்காலத்திலும் கோடையிலும்?

ஜூன் தொடங்கி ஜூலை நடுவரை மழை. பலரும் தவிர்க்கும் பருவம் இது. ஒக்குநோயின் பாதையில் பாசி மிக அடர்த்தியாக இருப்பது இப்போதுதான். மூடுபனிக்குள் தேவதாரு மரங்களின் அடிமரம் மட்டும் தெரியும், உச்சி தெரியாது. வழுக்காத செருப்பும் குடையும் இருந்தால் போதும். கூக்காயின் பிறந்தநாளாகக் கொள்ளும் ஜூன் 15-ஐ ஒட்டி ஊரே சேர்ந்து ஊர்வலம் நடத்தும்.

ஆகஸ்டில் ஒசாகா கொதிக்கும்போது மலைமேல் மின்விசிறியே தேவைப்படாத இரவுகள் உண்டு. ஆகஸ்ட் 13 மாலை, முன்னோரை நினைக்கும் ஓபோன் நாட்களில், ஒக்குநோயின் பாதையின் இரண்டு கிலோமீட்டரிலும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். வருகிறவர்கள்தான் ஏற்றுகிறார்கள், வரிசையில் நின்று வாங்கி நீங்களும் ஏற்றலாம். கூட்டம் நெரியும், திரும்பப் பேருந்து கிடைப்பது பெரும்பாடு. அன்றைக்கு மலையிலேயே அறை கிடைத்தால் மட்டும் போவது நல்லது.

செப்டம்பர், அக்டோபரில் சூறாவளியைக் கவனியுங்கள். 2017 அக்டோபரில் வந்த சூறாவளியில் மலைரயில் பாதை சேதமடைந்து, 2018 மார்ச் கடைசி வரை ஒரு பகுதியில் ரயில் ஓடவில்லை. எச்சரிக்கை வந்தால் நாளை மாற்றிவிடுங்கள்.

இலையுதிர் காலம் பற்றிச் சொல்லும் புகழ்ச்சி உண்மையா?

உண்மை. கியோத்தோவில் நவம்பர் பிற்பாதியில் சிவக்கும் மேப்பிள் இங்கே இரண்டு மூன்று வாரம் முன்பே சிவந்துவிடும். கொங்கோபுஜிக்கு அருகிலிருந்து கரன் என்ற பழைய கோயில் வளாகத்துக்குப் போகும் ஜபாராமிச்சி என்ற குறுகிய பாதையில் இரண்டு பக்கமும் மேப்பிள் கிளைகள் மேலே கோத்துக்கொள்ளும். காலை எட்டு மணிக்கு முன்னால் அங்கே நிற்க வேண்டும். பத்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்த பிறகு அது வேறு இடம். மலையிலேயே இரவு தங்கியவர்களுக்குத்தான் அந்த எட்டு மணி கிடைக்கும்.

குளிர்காலத்தில் போவது சரியா? எல்லாம் மூடியிருக்காதா?

சரிதான், மூடியிருக்காது. சில கடைகள் சீக்கிரம் கதவடைக்கும், அவ்வளவுதான். ஜனவரியில் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், சில இரவுகளில் பத்து டிகிரி கீழேயும் போகும். பனி பெய்யும்; பெய்தது நிழலில் உருகாமல் கிடக்கும். படிகளில் அது இறுகிக் கண்ணாடியாகிவிடும் என்பதால் செருப்பின் அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கார் ஓட்டுவதாக இருந்தால் பனிச் சக்கரம் இல்லாமல் ஏறவே வேண்டாம்.

இந்த ஊரின் பல பழக்கங்கள் குளிரிலிருந்து வந்தவை. ஜப்பான் முழுக்கச் சமையலறைகளில் இருக்கும் கோயாதோஃபு என்ற உலர்ந்த தோஃபுவை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்கால இரவில் வெளியே வைத்து உறைந்துபோன தோஃபுவை உலர்த்திச் சேமித்ததில் பிறந்தது என்பார்கள். கடற்பஞ்சுபோல் நுண்துளைகளோடு இருக்கும். குழம்பை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.

இன்னொன்றை நீங்களே தேடிப் பாருங்கள். ஜப்பானில் புத்தாண்டுக்கு வாசலில் வைக்கோல் கயிறு கட்டுவார்கள். இந்த உயரத்தில், இந்தக் குளிரில் நெல் விளையாது, வைக்கோலும் கிடையாது. அதனால் கோயாசானில் வெள்ளைத் தாளைக் கத்தியால் வெட்டி உருவம் செய்து தொங்கவிடுகிறார்கள். ஹோராய் என்று பெயர். அந்த ஆண்டின் விலங்கு, மங்கல எழுத்து, சுடர்விடும் மணி என்று சில வடிவங்கள் உண்டு. ஜனவரியில் போனால் ஒவ்வொரு கோயில் கூடத்திலும், சில கடை வாசலிலும் புதுத்தாள் தொங்கும். கதவு திறக்கும்போது காற்றில் ஆடும், பின்னால் உள்ள சுவரில் அதன் நிழலும் ஆடும்.

குளிர்காலத்துக்கு என் ஓட்டு ஏன் என்றால், அப்போதுதான் மலையில் இருக்கிறவர்களின் மலையாக அது இருக்கிறது. ஆறு மணி உணவுப் பெட்டியைப் பார்க்க நிற்பவர்கள் ஒருவரோ இருவரோ. பெட்டி கடந்து போன பிறகு பனியில் மூன்று பேரின் காலடித் தடம் மட்டும் இருக்கும்.

ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாமா?

திரும்பலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பத்தரை மணிக்கு மேலே வந்து, நான்கு மணிக்கு இறங்குவார்கள். அதற்குள் முக்கியக் கட்டடங்களைப் பார்த்துவிட முடியும். ஆனால் இந்த மலை தன் வேலையைச் செய்வது விடியற்காலையிலும் அந்திக்குப் பிறகும்தான். பூஜை, உணவுப் பெட்டி, விளக்கெரியும் பாதை எல்லாம் பகல்நேரப் பயணிக்குக் கிடைக்காதவை. நேரமே இல்லை என்றால், பட்டியலில் இருந்து வேறோர் ஊரை எடுத்துவிட்டு இங்கே ஓர் இரவு வையுங்கள்.

மடத்தில் தங்குவது எப்படி இருக்கும்?

சுமார் ஐம்பது கோயில்கள் அறை கொடுக்கின்றன. சுக்குபோ என்று பெயர். தத்தாமி பாய் விரித்த அறை, இரவில் விரித்துத் தரும் மெத்தை, காகிதக் கதவு. மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஐந்தரை, ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு. காலை ஆறு அல்லது ஆறரைக்குப் பூஜை. பல மடங்களில் பொதுக் குளியலறைதான், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. குளிர்காலத்தில் அறைக்குள் ஹீட்டர் இருக்கும், தாழ்வாரத்தில் இருக்காது. கழிப்பறைக்குப் போகும் பத்தடி தூரம்தான் அந்த இரவின் கடினமான பயணம். சாதாரண ஹோட்டலைவிட வாடகை கூடுதல், ஆனால் இரண்டு வேளைச் சாப்பாடும் அதில் அடக்கம்.

பூஜைக்குப் போங்கள். கட்டாயம் இல்லை, ஆனால் தங்குவதன் பொருளே அதில் இருக்கிறது. இருட்டான மண்டபத்தில் பொன்வண்ண விளக்குகள், ஒரே சுருதியில் பல குரல்கள், நடுநடுவே தாளம். அரைமணிக்கு மேல் போகும். முட்டி போட்டு உட்கார முடியாதவர்கள் சம்மணமிடலாம், பல இடங்களில் சிறு நாற்காலியும் இருக்கும். நீங்கள் எந்தச் சமயம் என்று யாரும் கேட்பதில்லை.

சில மடங்களில் அஜிகான் என்ற தியானமும் சொல்லித் தருவார்கள். வெள்ளை நிலவட்டத்துக்குள் தாமரைமேல் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் 'அ' எழுதியிருக்கும். அதைப் பார்த்தபடி மூச்சை நிதானமாக விட வேண்டும்.

சாப்பாடு சுத்த சைவமா? வெங்காயம், பூண்டு?

மடத்துச் சாப்பாடான ஷோஜின் ரியோரியில் இறைச்சி, மீன், முட்டை கிடையாது. பூண்டு, வெங்காயம் போன்ற கடுமையான வாசனையுள்ளவையும் மரபுப்படி சேர்ப்பதில்லை. ஜப்பானில் சைவர்களை மாட்டிவிடுவது குழம்பில் மறைந்திருக்கும் மீன்சாறுதான். இங்கே அதற்குப் பதில் கொம்பு என்ற கடற்பாசியையும் ஷியிதாக்கே காளானையும் ஊறவைத்த நீர். ஜப்பானில் பயமில்லாமல் தட்டில் உள்ளதையெல்லாம் சாப்பிடக்கூடிய இடம் என்று சைவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சிவப்பு அல்லது கறுப்பு அரக்குத் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக வரும்: காய்கறி தெம்புரா, வேகவைத்த கிழங்கு, கோயாதோஃபு, ஊறுகாய், சோறு, மிசோ சூப். கோமாதோஃபு என்பதைத் தவறவிடாதீர்கள். பெயரில் தோஃபு இருந்தாலும் அதில் சோயா இல்லை. எள்ளை அரைத்துப் பிழிந்த பாலைக் குட்ஸு கிழங்கு மாவோடு சேர்த்து, அடுப்பில் விடாமல் கிளறி இறுகவைக்கிறார்கள். பல்லே வேண்டாம், நாக்கில் கரையும். மேலே ஒரு சொட்டு சோயா சாறும் கொஞ்சம் வசாபியும். காரத்துக்கு நாக்கு ஏங்கும் என்பது உண்மைதான். ஊறுகாய்ப் பொட்டலத்தை அறையிலேயே விட்டுவிட்டு, ஒரு வேளை அவர்கள் சமைத்தபடியே சாப்பிட்டுப் பாருங்கள். வெளியே உள்ள உணவகங்களில் மீன்சாறு சேரும், அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒக்குநோயின் கல்லறைக் காடுதானே? அங்கே போக பயமாக இருக்காதா?

இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பல நூறு ஆண்டுத் தேவதாரு மரங்களுக்கு நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டர் கற்பாதை. பேருந்தில் ஒக்குநோயின்மாயே நிறுத்தத்தில் இறங்கினால் பாதி தூரம் குறையும், அது வேண்டாம். இச்சிநோஹாஷி என்ற முதல் பாலத்திலிருந்து நடங்கள்.

கூக்காய்க்கு அருகில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் நாட்டின் பெரிய தலைகள் எல்லாம் இங்கே கல் நட்டிருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் ஓதா நொபுனாகா இருக்கிறார். அவரைக் காட்டிக்கொடுத்து அழித்த அகெச்சி மிட்சுஹிதேயும் இருக்கிறார். ஒருவரோடொருவர் பலமுறை போரிட்ட தகேதா ஷிங்கெனும் உஎசுகி கென்ஷினும் இருக்கிறார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1599-இல் ஷிமாட்ஸு குலத்தார் நிறுத்திய ஒரு கல். கொரியப் படையெடுப்பில் இறந்த இரு தரப்பு வீரர்களுக்காகவும் நட்டது அது. வென்றவனும் தோற்றவனும் என்று பிரிக்காத அந்த வாசகத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்கலாம். இன்றைய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக வைத்த கற்களும் உண்டு. கரையான்களைக் கொல்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அந்தக் கரையான்களுக்காக வைத்த நினைவுக்கல் ஒன்றும் இருக்கிறது.

பழைய கற்களில் பெரும்பாலானவை ஐந்து அடுக்கு கொண்டவை. கீழே சதுரம், மேலே உருண்டை, அதன்மேல் கூரைபோல் முக்கோணம், பிறைக் கிண்ணம், உச்சியில் மணி. நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி. ஒவ்வொன்றிலும் ஒரு சித்த எழுத்து, அடிக்கல்லில் 'அ'. ஐம்பூதங்களைச் சின்ன வயதிலேயே பாடமாகப் படித்த நமக்கு இந்தக் கற்களை வாசிக்க வழிகாட்டி தேவையில்லை.

கடைசியில் தமகாவா ஓடையின் மேல் ஒரு பாலம். 36 கற்பலகைகளும் பாலம் முழுவதும் சேர்த்து 37 என்று கணக்கு, வஜ்ரதாது மண்டலத்தின் 37 தெய்வங்களுக்காக. அதைத் தாண்டினால் படம் எடுக்கக் கூடாது, தொப்பி போடக் கூடாது, சாப்பிடக் கூடாது. வணங்கிவிட்டு உள்ளே போங்கள். தொரோதோ என்ற விளக்கு மண்டபத்தில் ஆயிரக்கணக்கான தூக்கு விளக்குகள். அவற்றில் சில ஏறத்தாழ ஆயிரம் ஆண்டாக அணையாமல் இருப்பதாக மரபு. மண்டபத்தைச் சுற்றிப் பின்புறம் போனால் கூக்காயின் சமாதி வாசல்.

இரவிலும் பாதை திறந்திருக்கும், விளக்கும் உண்டு. மண்டபம் மட்டும் மாலையில் மூடிவிடும். இரவில் நடந்தவர்கள் பயந்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கரன் வளாகத்திலும் கொங்கோபுஜியிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

கரன் என்பது கூக்காய் முதலில் கட்டத் தொடங்கிய இடம். கொம்பொன் தாய்தோ என்ற சிவப்புப் பெருந்தூபி கிட்டத்தட்ட 50 மீட்டர் உயரம். இடியிலும் தீயிலும் பலமுறை அழிந்தது. இப்போதுள்ளது 1937-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. புதிது என்று ஒதுக்கிவிடாமல் உள்ளே போங்கள். நடுவில் மகா வைரோசனர், சுற்றி நான்கு புத்தர்கள், 16 தூண்களில் போதிசத்துவர்கள். ஓவியத்தில் தட்டையாக உள்ள மண்டலத்துக்குள் நாமே நுழைந்து நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

கொங்கோபுஜியில் கூரையை அண்ணாந்து பாருங்கள். ஹினோக்கி மரப்பட்டை வேய்ந்த கூரையின் உச்சியில் பெரிய மரத்தொட்டிகள் இருக்கும். மழைநீர் பிடித்து வைத்து, தீப்பொறி விழுந்தால் ஊற்றி அணைப்பதற்காக வைத்தவை. இந்த மலை எவ்வளவு முறை எரிந்திருக்கிறது என்பதை வேறெந்தப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. உள்ளே பான்ரியூதெய் என்ற கல்தோட்டம்: ஷிக்கொக்குவிலிருந்து கொண்டுவந்த 140 கருங்கற்கள், மேகக் கடலிலிருந்து எழும் இரண்டு டிராகன்களாக. 1984-இல் அமைத்தது. பெரிய சமையற்கட்டையும் விடாதீர்கள்.

பெண்களுக்குத் தடை இருந்தது உண்மையா?

ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இருந்தது. 1872-இல் அரசு நீக்கியது. பெண்கள் மலையில் குடியிருப்பது முழுமையாக ஏற்கப்பட இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் ஆயிற்று. அதுவரை பெண்கள் மலையின் வாசல்களில் இருந்த நியோனின்தோ என்ற மண்டபங்களோடு நிற்க வேண்டும். ஏழு வாசல்களில் இருந்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றுதான், பேருந்து ஊருக்குள் நுழையும் இடத்தில். உள்ளே வர முடியாத பெண்கள் சுற்றியுள்ள மலை முகடுகள் வழியாக நடந்து, ஒக்குநோயின் பக்கம் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கிக் கும்பிட்டார்கள். அந்தப் பாதையில் இன்றும் நடக்கலாம்.

விளக்கு மண்டபத்தின் பழைய விளக்குகளில் ஒன்று ஓதெரு என்ற ஏழைப் பெண்ணுடையது. வளர்த்த பெற்றோரின் நினைவுக்காகத் தன் தலைமுடியை விற்று அவள் கொடுத்தது என்பது கதை. பேரரசர் கொடுத்த விளக்குக்கு நிகராக அதையும் போற்றுகிறார்கள். பெண் நுழையக் கூடாத இடத்தில் அவள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பதை, அந்த மண்டபத்தில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எப்படிப் போவது?

ஒசாகா நம்பா நிலையத்திலிருந்து நான்காய் ரயிலில் கொக்குராக்குபாஷி வரை. விரைவு ரயிலில் ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து செங்குத்தான கேபிள் ரயில் ஐந்து நிமிடத்தில் மேலே கொண்டுவிடும். பிறகு பேருந்து. மேல் நிலையத்திலிருந்து நியோனின்தோ வரையான சாலை பேருந்துக்கு மட்டும், நடக்க அனுமதி இல்லை. ரயிலும் பேருந்தும் சேர்ந்த சலுகைச் சீட்டு நம்பாவிலேயே கிடைக்கும்.

நடந்து ஏற முடியுமா?

முடியும். அடிவாரத்தில் குதோயாமா ஊரில் உள்ள ஜிசோன்இன் கோயிலிலிருந்து கரன் வரை 180 கற்கள் நட்ட யாத்திரைப் பாதை இருக்கிறது. ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் 109 மீட்டர். முதலில் மரத்தூண்களாக இருந்தவற்றைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கல்லாக மாற்றினார்கள். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், ஏழு மணி நேரம் ஆகும். எண்கள் குறைந்துகொண்டே வருவதால் எவ்வளவு மிச்சம் என்று கல்லே சொல்லிவிடும். ஜிசோன்இன்னில்தான் கூக்காயின் தாய் தங்கியிருந்தார். மேலே வர முடியாத தாயைப் பார்க்க மாதத்துக்கு ஒன்பது முறை மகன் இறங்கி வருவார் என்பது வழக்குக் கதை. ஏப்ரல் கடைசியும் அக்டோபர் பிற்பாதியும் இந்த நடைக்கு ஏற்றவை.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஊர் சமதளம், பேருந்து அடிக்கடி உண்டு. ஒக்குநோயினுக்கு மட்டும் அவர்களை ஒக்குநோயின்மாயே நிறுத்தம் வரை பேருந்தில் அழைத்துப் போங்கள். கட்டில், தனிக் கழிப்பறை உள்ள மடங்களும் இப்போது இருக்கின்றன, முன்பதிவின்போது கேளுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வேண்டாம்.

கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

ரொக்கப் பணம், ஏனென்றால் சின்னக் கடைகள் அட்டை வாங்காமல் போகலாம். எளிதாகக் கழற்றி மாட்டும் செருப்பு, ஏனென்றால் ஒவ்வொரு மண்டபத்திலும் கழற்ற வேண்டியிருக்கும். தாழ்வாரம் சில்லிடும் என்பதால் தடித்த காலுறை இரண்டு ஜோடி. பெரிய பெட்டியை ஒசாகா நிலையத்து லாக்கரிலோ ஹோட்டலிலோ விட்டுவிட்டு, ஓர் இரவுக்கான பையோடு ஏறுங்கள். மடத்துக்கு முன்பதிவு செய்யும்போதே, எத்தனை மணி ரயிலில் வருகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். இரவுச் சாப்பாட்டை அதை வைத்துத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள்.